குகையும் சிமென்ட்டும் ஒரே கல்லு
நம்ம மொரப்பூர்ப் பக்கம் பாறைன்னா கருங்கல்தான். மழைத்தண்ணிக்கு லேசுல கரையாது. மேகாலயா அப்படி இல்ல மக்களே. வங்கதேச எல்லையை ஒட்டிச் சுண்ணாம்புப் பாறை. கார்பன் டை ஆக்சைடு கலந்த மழைத்தண்ணி லேசான அமிலமாகி, அதை அரிச்சு அரிச்சே குகையாக்கிடும். ஜைந்தியா மலையில கிரெம் லியாட் பிரா குகை மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல! 1992-லேருந்து குகை ஆய்வாளர்கள் உள்ள போய் அளந்து வரைபடம் போடுறாங்க.

சோஹ்ரா பக்கம் மாவ்ம்லு குகையில எடுத்த ஒரு கல்லுல, 4,200 வருஷத்துக்கு முந்தைய வறட்சி பதிவாகியிருக்கு. அப்போலேருந்து இன்னிக்கு வரைக்குமான காலகட்டத்துக்கு 2018-ல 'மேகாலயன்'னே பேர் வெச்சாங்க.

சிக்கல் என்னன்னா, சிமென்ட்டுக்கும் இதே கல்லுதான் வேணும். எல்லை தாண்டி சாத்தக் ஆலைக்கு 17 கிலோமீட்டர் கன்வேயர் பெல்ட்டே போட்டிருக்காங்க. அளக்காத குகை மேல வெடி வெச்சுட்டா, அப்படி ஒண்ணு இருந்ததுக்கே ஆதாரம் இருக்காது.