எண்ணெய் வழியுற முகத்தை என்னதான் பண்றது?

காலையில எட்டு மணிக்கு மேக்கப் போட்டுட்டு கிளம்புறீங்க. மெட்ரோ பிடிச்சு ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள மூக்கு மேல ஃபவுண்டேஷன் தனியா பிரிஞ்சு நிக்குது. நெத்தி பளபளன்னு மின்னுது. "என்னடி, இப்பதான் எண்ணெய் வெச்சுட்டு வந்தியா?"ன்னு ஒரு ஃப்ரெண்டு கேட்குறா. இந்தக் கஷ்டம் தெரிஞ்சவங்களுக்குத்தான் இன்னைக்கு எபிசோட். பசங்களும் கேளுங்க, உங்களுக்கும் இதுல நிறைய இருக்கு.

எண்ணெய் எங்கிருந்து வருது?

நம்ம தோலுக்குள்ள, முடி முளைக்கிற குழிக்குப் பக்கத்துல எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கு. அதுல சுரக்குற எண்ணெய்க்கு சீபம்னு பேரு. நெத்தி, மூக்கு, தாடை, இந்த மூணு இடத்துலயும் இந்தச் சுரப்பிகள் நெருக்கமா இருக்கும். அதனாலதான் கன்னம் சும்மா இருக்கும்போதே மூக்கு மட்டும் மின்னும். எவ்வளவு சுரக்கணும்னு முடிவு பண்றது முக்கியமா ஆண்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன். அது ஆம்பள, பொம்பள ரெண்டு பேர் உடம்புலயும் இருக்கு. வயசுக்கு வர்ற நேரத்துல அது ஏறுது, எண்ணெயும் கூடவே ஏறுது.

சுரப்பி தோலுக்கு அடியில ஹார்மோன் பேச்சைக் கேட்டு வேலை செய்யுது. மேல நீங்க எத்தனை தடவை ஃபேஸ்வாஷ் போட்டாலும் அது உற்பத்தியை நிறுத்தாது. முகம் கழுவினா இப்ப மேல இருக்கிற எண்ணெய் போகும், சில மணி நேரத்துல திரும்ப வரும். இது அழுக்கு இல்ல, உங்க சோம்பேறித்தனமும் இல்ல. உங்க தோல் அப்படித்தான் வேலை செய்யுது.

கழுவுறதுல என்ன தப்பு நடக்குது?

ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, வியர்த்துக் கொட்டினா இன்னொரு தடவை. அவ்வளவு போதும். நம்ம தோலோட மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.ஹெச். ஏறக்குறைய 5. சாதாரண குளியல் சோப்பு 9, 10ன்னு நிக்கும். அதைப் போட்டுத் தேய்ச்சு, முகம் இறுக்கமா கிறீச்சுன்னு ஆனா "ஆஹா, சுத்தமாயிடுச்சு"ன்னு நினைக்கிறோம். உண்மையில அந்த இறுக்கம், தோலோட பாதுகாப்பு அடுக்கு அடி வாங்குறதோட அறிகுறி. அதனால மென்மையான ஒரு ஃபேஸ்வாஷ் வாங்கிக்கோங்க. பயத்தம்பருப்பு மாவு போடுறவங்க நைசா அரைச்சு, தேய்க்காம பூசிக் கழுவுங்க. எலுமிச்சம்பழம், டூத்பேஸ்ட், சமையல் சோடா, இந்த மூணும் முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

கழுவின பிறகு மாய்ஸ்சரைசர். "எனக்கே எண்ணெய் வழியுது, இதுக்கு மேல எதுக்கு?"ன்னு கேட்பீங்க. எண்ணெய் வேற, ஈரப்பதம் வேற. மேல எண்ணெய் மின்னிக்கிட்டே, உள்ள தண்ணி இல்லாம வறண்டு எரியுற தோல் நிறைய பேருக்கு இருக்கு. ஜெல் மாதிரி லேசானதா ஒண்ணு போதும்.

இன்னொண்ணு, தலைக்கு வைக்கிற எண்ணெய். நெத்தியில, முடி ஆரம்பிக்கிற ஓரத்துல மட்டும் பொடிப்பொடியா பரு வருதா? ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிட்டு அப்படியே தூங்குற பழக்கம் இருக்கான்னு பாருங்க. முடிக்குப் பூசுற க்ரீமும் எண்ணெயும் நெத்தியில இப்படிப் பருவைக் கொண்டு வரும்னு தோல் மருத்துவர்கள் 1970லயே எழுதியிருக்காங்க. எண்ணெய் வைக்கிறதை விட வேண்டாம். குளிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெச்சு அலசிடுங்க, தலையணை உறையை அடிக்கடி மாத்துங்க.

மேக்கப் நிக்கணும்னா

முதல் விஷயம், மெல்லிசா போடுங்க. ஃபவுண்டேஷன் எவ்வளவு கனமோ அவ்வளவு சீக்கிரம் பிரியும். முகம் முழுக்கப் பூசாம, தேவைப்படுற இடத்துல மட்டும் கன்சீலர் வெச்சாலே பாதி பிரச்சனை தீரும். சன்ஸ்க்ரீன் போட்டு ஒரு பத்து நிமிஷம் படிய விட்டுட்டு அதுக்கு மேல ஆரம்பிங்க.

கடையில ஷேடு பார்க்கும்போது புறங்கையில தடவிப் பார்க்காதீங்க, தாடையோரத்துல தடவுங்க. உடனே பில் போட்டுடாம, ஒரு மணி நேரம் வெளியில சுத்திட்டு வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க. எண்ணெயோட கலந்து, காய்ஞ்சு, நிறம் ஒரு படி கறுத்துப் போறதை அப்பத்தான் கண்டுபிடிக்க முடியும். காலையில சரியா இருந்த ஷேடு மதியம் வேற ஆள் முகம் மாதிரி தெரியுறது இதனாலதான்.

மதியம் மின்னுச்சுன்னா நேரா பவுடரை எடுக்காதீங்க. எண்ணெய் மேல பவுடர் போட்டா திட்டுத்திட்டா ஆகும். முதல்ல ப்ளாட்டிங் பேப்பரை வெச்சு ஒத்தி எடுங்க. கையில அது இல்லையா, ஒரு டிஷ்யூவைப் பிரிச்சு ஒரே அடுக்கா வெச்சு அழுத்துங்க. அப்புறம் மூக்கு, நெத்தியில மட்டும் கொஞ்சூண்டு பவுடர். ரிசப்ஷனுக்குப் போறீங்கன்னா ஒரு எச்சரிக்கை: சிலிக்கா அதிகமா இருக்கிற வெள்ளைப் பவுடர் கண்ணாடியில தெரியாது, ஃப்ளாஷ் போட்டோவுல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி தெரியும். வீட்டுலயே ஃப்ளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்துப் பார்த்துடுங்க.

பருவும், அது விட்டுட்டுப் போற தழும்பும்

நம்மள மாதிரி மாநிறம், கறுப்பு நிறத் தோல்ல பரு போன பிறகும் கரும்புள்ளி மாசக்கணக்குல நிக்கும். எரிச்சல் எங்க வந்தாலும் அங்க நம்ம தோல் நிறமியைக் கொட்டிடும். பருவைக் கிள்ளினாலும் சரி, ஸ்க்ரப் போட்டுத் தேய்ச்சாலும் சரி, வீரியமான ஆசிட்டை முதல் நாளே அள்ளிப் பூசினாலும் சரி, கணக்கு ஒண்ணுதான்.

அதனால மெதுவா போங்க. சாலிசிலிக் ஆசிட் எண்ணெய்ல கரையும், துவாரத்துக்குள்ள போய் அடைப்பை இளக்கும். 2 சதவீதம் வரைக்கும் போதும், வாரத்துக்கு ரெண்டு மூணு நாள்ல ஆரம்பிங்க. பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே நல்லா வேலை செய்யும். ஆனா துண்டு, தலையணை உறையெல்லாம் சாயம் போயிடும், பார்த்துக்கோங்க. எதைப் போட்டாலும் பகல்ல சன்ஸ்க்ரீன் இல்லாம தழும்பு மங்காது. வெள்ளையா படியுதேன்னு விடாதீங்க. ஜெல் வகையைப் பாருங்க. நிறம் கலந்த வகைன்னா அதுல இருக்கிற அயர்ன் ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். கரும்புள்ளி இருக்கிறவங்களுக்கு அது கூடுதல் லாபம்.

அந்த மெடிக்கல் ஷாப் க்ரீம்

இந்த எபிசோட்ல நீங்க ஒண்ணே ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா, அது இதுதான்.

"பரு, கரும்புள்ளி எல்லாத்துக்கும் ஒரே க்ரீம், ஒரு வாரத்துல முகம் பளிச்சுன்னு ஆயிடும்"னு அக்காவோ, பார்லர்லயோ, மெடிக்கல் ஷாப்லயோ சொல்லுவாங்க. ஆகும்தான். ஏன்னா அதுல ஸ்டீராய்டு இருக்கு. சிவப்பை அடக்கும், நிறத்தை வெளுக்க வைக்கும். அப்புறம் மாசங்கள் போகப் போக தோல் மெலியும், ரத்தநாளம் சிவப்புக் கோடா தெரியும், முகத்துல முடி வளரும், ஆரம்பத்துல போன பரு இன்னும் மோசமா திரும்பி வரும். நிறுத்தினா முகம் எரியும். அந்த எரிச்சல் தாங்காம மறுபடியும் அதையே பூசுவாங்க. வெளியில வர முடியாத சுழல் அது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதை ஒரு தனி நோயாவே பேரு வெச்சுப் பேசுறாங்க. 2018ல மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. ஆனா கவுன்ட்டர்ல கேட்டா இன்னும் கிடைக்குது.

இன்னைக்கு ராத்திரி உங்க ட்யூபைத் திருப்பி, பின்னாடி பொடி எழுத்தைப் படிங்க. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், க்ளோபெட்டசால், இதுல ஏதாவது இருந்து, மருத்துவர் எழுதித் தராம நீங்களா முகத்துல போட்டுக்கிட்டு இருந்தா, தோல் மருத்துவரைப் போய்ப் பாருங்க. ரொம்ப நாளா போடுறவங்க திடீர்னு நீங்களா நிறுத்த வேண்டாம். எப்படி நிறுத்துறதுன்னு அவங்க வழி சொல்லுவாங்க. தனியார் கிளினிக் செலவு பயமா இருந்தா, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல தோல் நோய்ப் பிரிவு இருக்கு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டா பார்த்துடலாம்.

இன்னும் ஒரு விஷயம். திடீர்னு எண்ணெய் கூடுது, தாடையைச் சுத்திப் பெரிய பரு வருது, பீரியட்ஸ் தள்ளிப் போகுது, முகத்துல முடி கூடுது, இதெல்லாம் சேர்ந்து வந்தா அது க்ரீம் விஷயம் இல்ல. பி.சி.ஓ.எஸ். இருக்கான்னு மருத்துவர்கிட்ட செக் பண்ணிக்கோங்க.

மத்தபடி, மதியம் மூணு மணிக்கு மூக்கு மின்னுதா? மின்னட்டும். ஒரு டிஷ்யூ எடுத்து ஒத்திட்டு டீ குடிக்கப் போங்க. ட்யூபைத் திருப்பிப் பார்த்து ஏதாவது சந்தேகம் வந்தா எங்களுக்கு எழுதுங்க. இந்த எபிசோடை, அந்த க்ரீமைப் போடுற உங்க ஃப்ரெண்டுக்கு இன்னைக்கே அனுப்பிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!