தூத்துக்குடித் துறைமுகமும் தொழில்முனைவுக் கல்வியும்

(வணிகவியல் மாணவரிடையே நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

  

இன்று கல்லூரிதோறும் மூன்று துறைகள் பெரிதாகப் பேசப்படுகின்றன. ஒன்று, தொழில் தொடங்குமுன் வகுக்க வேண்டிய திட்டத்தைப் பற்றியது. மற்றொன்று, ஒரு நிறுவனத்துள் கூடிப் பணிபுரியும் மாந்தரின் உள்ளத்தையும் நடக்கையையும் பற்றியது. மூன்றாவது, முன்பில்லாத ஒரு தொழிலை உண்டாக்கும் முனைவைப் பற்றியது. தொழில் திட்டம், நிறுவன நடத்தையியல், தொழில்முனைவு என்பன இவற்றின் தமிழ்ப் பெயர்கள்.

இவற்றைக் கற்கப் புகும் தமிழ் மாணவன் முதல் நாளிலேயே ஒரு பிழையான பாடத்தையும் சேர்த்துக் கற்றுவிடுகிறான். இவ்வறிவு முழுமையும் மேலையர் கண்டது. ஆங்கிலத்தில் மட்டுமே இயங்குவது. தமிழனுக்கு இதில் முன்னோர் விட்டுச்சென்றது ஏதுமில்லை என்பதே அப்பாடம். எந்த ஆசிரியரும் அதைக் கரும்பலகையில் எழுதுவதில்லை. நூலில் வரும் எடுத்துக்காட்டுகளெல்லாம் அயல்நாட்டு ஆலைகளாகவே இருக்கும்போது, அது தானே மாணவன் நெஞ்சில் எழுதப்பட்டுவிடுகிறது.

முதற்கண் காலக்கணக்கைப் பார்க்க வேண்டும். ஆர்வார்டுப் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்விப் பள்ளி 1908-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஆலை வேலையை அளந்து பகுத்து நடத்தும் முறையைத் தெய்லர் நூலாக வெளியிட்டது 1911-இல். சிகாகோ நகரை அடுத்த ஆத்தார்ன் தொழிலகத்தில், தொழிலாளரின் உள்ளப் போக்கை ஆய்ந்த புகழ்பெற்ற ஆய்வுகள் நடந்தது 1924 முதல் 1932 வரை. இவற்றுக்கெல்லாம் முன்னர், 1906-ஆம் ஆண்டு அத்தோபர் 16-ஆம் நாள், தூத்துக்குடியில் ஒரு கப்பல் குழுமம் பதிவு செய்யப்பெற்றது. அதுவே சுதேசிக் கப்பல் குழுமம். அதை உருவாக்கியவர் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வழக்குரைஞர் வ.உ. சிதம்பரனார்.

கப்பலோட்டிய தமிழர் என்று அவரைப் புகழாத மேடை இல்லை. ஆனால் அவர் எவ்வாறு கப்பல் ஓட்டினார், முதல் எங்கிருந்து வந்தது, கணக்கு எங்கே இடித்தது, குழுமம் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்கும் மேடைகள் மிகச் சில. புகழ்மாலை சூட்டுவது எளிது. பாடமாகக் கற்பதே அரிது. அவ்வரிய பணியே இன்று வேண்டுவது.

திட்டத்திலிருந்து தொடங்குவோர் சிதம்பரனாரிடம் முதலில் காண்பது துறைத் தேர்வு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆளும் சரக்கும் இடையறாது சென்றுவந்த காலம் அது. அக்கடல்வழி முழுமையும் பிரித்தானிய இந்தியக் கப்பல் குழுமத்தின் கையில் இருந்தது. எனவே தேவை இருக்கிறதா என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. தேவை கண்முன்னே இருந்தது. அதை நிறைவு செய்வோன் ஒருவனாகவே இருந்தான் என்பதுதான் குறை.

அடுத்தது முதல். குழுமத்தின் முதல் 10 இலக்கம் உருபா. அது 25 உருபா வீதம் 40,000 பங்குகளாகப் பகுக்கப்பட்டது. இப்பகுப்பில் ஒரு நுட்பம் உண்டு. பங்கின் விலையை ஆயிரம் உருபா என வைத்திருந்தால் செல்வர் சிலரே உரிமையாளர் ஆகியிருப்பர். 25 உருபா என்றமையால் நடுத்தரக் குடும்பத்தானும் பங்காளியாக முடிந்தது. பெருஞ்செல்வரும் விலக்கப்படவில்லை. ஆசி முகம்மது பக்கீர் சேட் என்னும் வணிகர் ஒருவரே 8,000 பங்குகளுக்காக 2 இலக்கம் உருபா தந்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவிய பாண்டித்துரையார் குழுமத்தின் தலைவரானார். தமிழ் வளர்த்த கையே கப்பலுக்கும் துணைக்கை ஆயிற்று.

தொடக்கத்தில் குழுமத்திற்குத் தன் கப்பல் இல்லை. பம்பாயிலிருந்த ஒரு கப்பல் குழுமத்திடம் வாடகைக்கு எடுத்தே ஓட்டினர். மாற்றார் நெருக்க, அவ்வாடகைக் கப்பல் திரும்பப் பெறப்பட்டது. தொழிலின் உயிர்நாடியான கருவி பிறர் கையில் இருந்தால் தொழிலும் பிறர் கையிலேயே இருக்கும் என்பது அன்று தெளிவாயிற்று. சிதம்பரனார் உடனே இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி இடைவெளியை அடைத்தார். பின்னர்த் தன் கப்பல்களையே வாங்க முனைந்தார். 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் குழுமத்துக்கு உரிமையாயின. ஒவ்வொன்றும் பொதுப்பயணியர் 1,300 பேரையும் 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்கவல்லது என்பர்.

இனி, கட்டணப் போர். மாற்றார் ஆளுக்கு ஓர் உருபா எனக் கட்டணத்தைக் குறைத்தனர். தமிழர் குழுமம் எட்டணா என அறிவித்தது. மாற்றார் அதற்கும் கீழிறங்கி, காசு வாங்காமலே ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவோர்க்கு ஒரு குடையும் தருவதாகவும் கூறினர். இச்செய்தியைக் கேட்டு நகைத்துவிட்டுப் போவது மாணவர்க்கு அழகன்று; கணக்கிட வேண்டும். எட்டணாக் கட்டணத்தில் 1,300 பேரும் நிரம்பினாலும் பொதுப்பயணியரால் வரும் வருவாய் 650 உருபாவே. நிலக்கரியும், கப்பற் பணியாளர் ஊதியமும், பழுது நீக்கமும் பயணி தரும் காசு குறைந்ததென்று தம் விலையைக் குறைத்துக்கொள்வதில்லை. ஒரு பங்கின் விலையாகிய 25 உருபா, 50 பயணியரின் எட்டணாவுக்கு ஈடு. பல துறைமுகங்களில் பல கப்பல்களை ஓட்டிய பழங்குழுமம் ஒரு வழியில் நேர்ந்த இழப்பை மற்ற வழிகளின் ஊதியத்தால் ஈடுகட்டும். ஒரே வழியையே நம்பிய இளங்குழுமம் எதைக்கொண்டு ஈடுகட்டும்? கட்டணத்தைக் குறைக்கும் போட்டியில் வெல்பவன் குறைவாக வாங்குபவன் அல்லன். நெடுங்காலம் இழக்க வல்லவன். தொழில் திட்ட நூல்கள் பல பக்கங்களில் விரித்துக் கூறும் உண்மை இதுவே.

இவ்விடத்தில் திருவள்ளுவரை நினைவுகூர்தல் பொருந்தும். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அவர் அடுத்தடுத்து வைத்தார். செயலின் கடுமை, செய்பவனின் ஆற்றல், எதிர்ப்பவனின் ஆற்றல், துணை நிற்போரின் ஆற்றல் ஆகிய நான்கையும் நிறுக்கச் சொன்னார். குறளுக்கு உரைகண்ட சிதம்பரனார் இதை அறியாதவர் அல்லர். செயலையும் தம் ஆற்றலையும் மாற்றானையும் அவர் நிறுத்தே பார்த்தார். ஆனால் மாற்றானுக்குத் துணையாக நின்றது ஓர் அரசு. அத்தகைய துணையை ஒரு வணிகக் குழுமம் தன் கணக்கேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதும்?

இரண்டாம் துறையாகிய நிறுவன நடத்தைக்கு வருவோம். தூத்துக்குடியில் பிரித்தானியக் கப்பல் குழுமத்தின் முகவராக இருந்த ஆர்வி நிறுவனத்தாரே அவ்வூர்ப் பவழ ஆலையையும் நடத்திவந்தனர். 1908 பிப்பிரவரி 27-ஆம் நாள் அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி உயர்வும் விடுமுறையும் அவர்கள் கேட்டவை. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கட்கு முன்னின்றனர். ஊரே தொழிலாளர் பக்கம் நின்றது. ஆலையாரை ஆதரித்தோர்க்கு முடிதிருத்தவும் மறுத்தனர் என்பது வரலாறு. சில நாள்களிலேயே ஆலையார் இறங்கிவந்தனர். கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

ஆத்தார்ன் ஆய்வாளர் பின்னாளில் கண்டதென்ன? தொழிலாளி காசுக்கு மட்டும் அசையும் பொறியல்லன். தன்னை மதிக்கிறார்களா என்று பார்ப்பவன். தன் கூட்டத்தோடு சேர்ந்தே எண்ணுபவன் என்பது. அந்த உண்மை தூத்துக்குடித் தெருவில் 16 ஆண்டுகட்கு முன்பே நடந்து காட்டியது. ஆனால் நடந்ததை எவரும் ஆய்ந்து நூலாக்கவில்லை. சிகாகோவில் ஆய்ந்தனர், எழுதினர், உலகுக்குக் கற்பித்தனர். நிகழ்ச்சிக்கும் அறிவியலுக்கும் இடையே உள்ள தொலைவு எழுத்தே ஆகும்.

1908 மார்ச்சு 12-ஆம் நாள் சிதம்பரனார் தளையிடப்பட்டார். அவ்வாண்டு சூலை 7-ஆம் நாள் இரட்டை வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது பின்னர்க் குறைந்தது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்துக்கொண்டிருந்தபோது, கடலில் அவர் விட்ட கப்பல்களுக்கு வழிகாட்டுவார் இல்லை. 1911-இல் குழுமம் கலைக்கப்பட்டது; கப்பல்கள் விலைபோயின. 1912 திசம்பர் 24-ஆம் நாள் அவர் விடுதலையானபோது அவர் உண்டாக்கிய தொழில் இல்லை.

அடக்குமுறையே இவ்வீழ்ச்சிக்குத் தலையாய கரணியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாணவன் மேலும் ஒரு படி ஏற வேண்டும். 40,000 பங்குகளாகப் பகுக்கப்பட்ட முதல், ஒரே தோளில் சுமத்தப்பட்ட பொறுப்பு! பங்கைப் பலர்க்குப் பகிர்ந்தவர், பொறுப்பைத் தாங்கும் இரண்டாம் நிரையை வளர்க்கக் காலம் பெறவில்லை. கப்பற்கலையை மக்கட்குப் பயிற்றுவதும், கப்பல் கட்டும் துறை அமைப்பதும் குழுமத்தின் நோக்கங்களுள் இருந்தன. அவை நிறைவேறச் சில ஆண்டுகள் கிடைத்திருந்தால், ஒருவர் சிறைசென்றாலும் தொழில் சிறைப்படாமல் இருந்திருக்கலாம். இது பழி கூறுவதன்று. ஈகத்திலிருந்து அறிவைத் திரட்டுவது. வீரனை வணங்கிவிட்டு அவன் பட்டறிவை வீணே விடுவது நன்றியாகாது.

மூன்றாம் துறை, தொழில்முனைவு. இதில் முதலில் எண்ணப்படும் அறிஞர் சும்பீட்டர். பழைய பொருள்களையும் ஆற்றல்களையும் புதுவகையில் இணைப்பவனே தொழில்முனைவோன் என்றார் அவர். வணிகர் காசு, புலவர் தலைமை, பொதுமக்கள் பற்று, வாங்கிவந்த கப்பல் ஆகியவற்றை ஒரு குழுமமாக இணைத்த சிதம்பரனாருக்கு அவ்விளக்கம் முற்றும் பொருந்தும். ஆனால் இன்னொன்றும் கருதத்தக்கது. சும்பீட்டர் அந்நூலை எழுதியது செருமன் மொழியில். 1911-இல் வந்த நூல் ஆங்கிலத்துக்குச் சென்றது 1934-இல். பயோல் என்னும் சுரங்கப் பொறிஞர் 1916-இல் மேலாண்மைக் கோட்பாடுகளை வகுத்தது பிரெஞ்சு மொழியில். தத்தம் மொழியில் எண்ணினர், எழுதினர், உலகம் தானே தேடிவந்தது. சப்பானியர் ‘கன்பான்’ என்று பெயர்ப்பலகைக்கு வழங்கிய சொல், தொயோத்தா ஆலையில் வேலைக் குறிப்பட்டைக்கு ஆகி, இன்று உலக மேலாண்மை நூல்களில் அப்படியே ஆளப்படுகிறது. கடைத்தெருச் சொல்லும் கலைச்சொல் ஆகும். அதை ஆள்வோர்க்குத் தயக்கம் மட்டும் இருத்தல் கூடாது.

தமிழில் அத்தகைய சொற்கள் இல்லையா? கைமுதல், இருப்பு, பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை ஆகிய சொற்களைத் தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாக ஆண்டுவந்தனர். இச்சொற்கள் எந்தக் கலைச்சொற்குழுவிலும் பிறந்தவையல்ல. கணக்குப் பலகையின்முன் பிறந்தவை. மேனிலைப் பள்ளி வரை வணிகவியலைத் தமிழில் கற்கும் மாணவன், மேலாண்மை மேற்படிப்புக்குச் சென்றதும் பெரும்பாலும் ஆங்கிலத்துக்குள் தள்ளப்படுகிறான். பாடம் கடினமாகையால் அவன் தடுமாறுகிறான் என்பர். பாடத்தைத் தொடுமுன்பே மொழி அவனைத் தடுத்துவிடுகிறது என்பதே உண்மை. ஆங்கிலம் கற்கட்டும், அயல்நாட்டார் நூல்களை அறியட்டும். எண்ணும் மொழியை இழந்து கற்கும் கல்வி, தொழில் தேடுவோரை உண்டாக்கும். தொழில் உண்டாக்குவோரை உண்டாக்குதல் அரிது.

இரு பக்கமும் எச்சரிக்கை வேண்டும். எல்லாம் அயலார் தந்தவை என்பது தாழ்வுணர்ச்சி. எல்லாம் குறளிலேயே உள்ளன, வேறு கற்க வேண்டா என்பது சோம்பல். மடியின்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த ஆசானின் பெயரால் மடிகொள்வது பெரும் முரண்.

எனவே இளந்தமிழர் செய்ய வேண்டிய பணி தெளிவானது. தத்தம் ஊரில் எழுந்து நின்ற தொழில் ஒன்றையும், எழுந்து வீழ்ந்த தொழில் ஒன்றையும் எடுத்துக்கொள்க. முதல் எவ்வளவு, பங்காளியர் யார், கூலி எவ்வாறு, போட்டி எங்கிருந்து, பொறுப்பு யாரிடம் என்று கேட்டு எழுதுக. நல்ல தமிழில், கணக்கோடு எழுதுக. அத்தகைய நூறு ஏடுகள் திரண்டால் தமிழ் மேலாண்மை நூல் தானே உருவாகும். சிதம்பரனார் கப்பலுக்குப் பங்கு திரட்டினார். அறிவுக்குப் பங்கு திரட்டும் பணி எஞ்சியிருக்கிறது. அதன் முதற்பங்கு ஓர் எழுதுகோலும் சில தாள்களுமே!