ரிப்பன் மாளிகையும் எங்க அம்மாவும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



என்னைக் கணக்கைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. கணக்கெல்லாம் ஆண்டறிக்கையிலேயே இருக்கு. நான் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசுறேன். சென்ட்ரல் பக்கத்துல வெள்ளை வெளேர்னு நிக்குதே, ரிப்பன் மாளிகை, நம்ம மாநகராட்சி ஆபீஸ். பஸ்ஸுல போகும்போது எல்லாரும் பார்த்திருப்போம். உள்ளே போனவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம். அஞ்சாறு கைதான். சரி.

எங்க அம்மா மூர் மார்க்கெட் வாசல்ல பூ வித்தவங்க. விடியக்காலம் பூக்கடைக்குப் போய் உதிரி வாங்கி வந்து, அங்கேயே உட்கார்ந்து கட்டுவாங்க. உள்ளே பழைய புஸ்தகம், பொம்மை, கூண்டுல கிளின்னு கிடைக்காத சாமான் இல்லை. 1985-ல மார்க்கெட் எரிஞ்சு போச்சு. இப்போ அந்த இடத்துலதான் புறநகர் ரயில் நிலையம் இருக்கு. அம்மா கூடையைத் தூக்கிக்கிட்டு ரோட்டோரம் வந்துட்டாங்க. கையில வாட்ச் கிடையாது, ரிப்பன் மாளிகைக் கோபுரக் கடிகாரம்தான். அதைப் பார்த்துத்தான் எனக்குச் சோறு போட வீட்டுக்குக் கிளம்புவாங்க. அத்தனை வருஷம் மணி பார்த்தாங்களே தவிர, அந்தக் கேட்டைத் தாண்டினதே இல்லை.

அந்தக் கட்டடத்துக்கு 1909-ல அடிக்கல் போட்டு, 1913-ல திறந்தாங்க. அதுவரைக்கும் மாநகராட்சி எர்ரபாலு செட்டித் தெருவுல இருந்தது. கட்டினவர் லோகநாத முதலியார். செலவு ஏழரை லட்சம். உள்ளூர்க் காரியத்தை உள்ளூர்க்காரங்களே பார்க்கணும்னு 1882-ல சட்டதிட்டம் கொண்டுவந்த வைஸ்ராய் ரிப்பன் பேரைத்தான் வெச்சாங்க. 'ரிப்பன் எங்கப்பன்'னு அந்தக் காலத்து ஜனங்க சொன்னது சும்மா இல்லை.

வாசல்ல ஒரு சிலை நிக்குது, தியாகராயர். அவர் மாநகராட்சித் தலைவரா இருந்தப்போ, 1920-ல ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு மத்தியானச் சாப்பாடு ஆரம்பிச்சாங்க. 2013-ல அம்மா உணவகம் தொடங்கினதும் இதே மாநகராட்சிதான். அங்கே இட்லி ஊத்துறது யாரு? நம்ம குழுப் பெண்கள்தானே. தாரா செரியன் 1957-லேயே அங்கே மேயரா உட்கார்ந்தவங்க. 2022-ல வார்டுல பாதி பெண்களுக்குன்னு ஆச்சு, மேயரும் பெண்தான்.

இவ்வளவு பேசுறேனே, நான் முதல் தடவை போனப்போ கேட்டோட திரும்பிட்டேன். அம்மாவுக்குத் தெரு வியாபாரி அடையாள அட்டை வாங்கணும். 2014-ல சட்டம் வந்திருக்குன்னு குழுக் கூட்டத்துல சொன்னாங்க. அட்டை இல்லாததால யாராவது வந்து 'எந்திரி'ன்னா எந்திரிக்கணும், கூடை எங்கே போச்சுன்னு தேடணும். மனு எழுதிட்டேன். ஆனா அந்த வாசலைப் பார்த்ததும் கால் வரலை. செருப்பைக் கழட்டிட்டுப் போகணுமோன்னுகூட நினைச்சேன். சிரிக்காதீங்க, நிஜம்.

அடுத்த வாரம் குழுவுல ஒன்பது பேரும் சேர்ந்து போனோம். செருப்போடதான். உள்ளே ஒரு மேடம் மனுவைப் படிச்சுப் பார்த்துட்டு, 'இதை உங்க மண்டல அலுவலகத்துல கொடுக்கணும்மா'ன்னு சொல்லி, பஸ் நம்பரும் சொன்னாங்க. இதுக்கா இவ்வளவு பயந்தோம்னு ஆயிடுச்சு. மண்டலத்துக்கு நாலு நடை நடந்தோம். ஒரு நடை போட்டோவுக்கு, ஒரு நடை ஆதார்ல அம்மா பேர்ல இருந்த எழுத்துப் பிழைக்கு. கணக்கு எழுதுறவ நான், அதை முதல்லயே பார்த்திருக்கணும்.

அட்டை வந்துச்சு. அம்மா போட்டோவைப் பார்த்துட்டு, 'இந்தக் கிழவி யாருடி'ன்னாங்க. சுருக்குப்பையில வெச்சாங்க. அதுக்கப்புறம் ஒரு ஆள் வந்து எழுப்பினப்போ அதை எடுத்துக் காட்டினாங்க. அவர் ஒண்ணும் பேசலை, போயிட்டார். கொரோனா முடிஞ்சு வியாபாரம் படுத்தப்போ, தெரு வியாபாரிக் கடன் 10,000 ரூபாய் அந்த அட்டையை வெச்சுத்தான் கிடைச்சது. நம்ம குழுக் கடன் மாதிரியே தவணை தவறாம கட்டிட்டாங்க.

போன வருஷம் அம்மாவை அந்த மாளிகைக்குள்ளே கூட்டிட்டுப் போனேன். படியேறி, தூணைத் தொட்டுப் பார்த்தாங்க. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துட்டு, 'உள்ளே வந்தா மணி தெரியலையேடி'ன்னாங்க. அங்கே நின்ன காவலாளிகிட்டேயே மணி கேட்டாங்க. பன்னெண்டேகால்னார். 'அய்யோ, பூ வாடுது'ன்னு கிளம்பிட்டாங்க.