மெருகும் மெய்ம்மையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



பழம்பொருளைப் போற்றுதல் என்பது ஒரு தொடரே ஆயினும், அதனுள் இரண்டு செயல்கள் அடங்கியுள்ளன. ஒன்று, பொருளை அழியாமற் காப்பது. மற்றொன்று, அதனைப் புதியதுபோலத் தோன்றச் செய்வது. இவ்விரண்டும் உடன்பிறப்புகள் போலத் தோன்றினும், பல வேளைகளில் ஒன்றையொன்று பகைத்தே நிற்கின்றன. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர் நன்கறிந்த இச்சிக்கலை, இலக்கியத்தோடு சற்றும் தொடர்பில்லாத ஓரிடத்திலும் தெளிவாகக் காணலாம். இங்கிலாந்தில் விடுமுறை நாள்களில் தம் வீட்டுக் கொட்டகைக்குள் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தம் கையாலேயே பேணும் எளிய மனிதரின் பணியே அது.

அவ்வாறு பேணப்படும் வண்டிகளுள் எம்.ஜி.பி. என்பது புகழ் வாய்ந்தது. ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகில், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஆபிங்டன் என்னும் ஊரில் 1962ஆம் ஆண்டு முதல் 1980 அக்டோபர் வரை இது செய்யப்பட்டது. திறந்த வகையும் கூரையுடைய வகையுமாக ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டவை அத்தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. 1,798 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடைய அதன் எஞ்சின் மிக எளிய அமைப்பினது. ஒரு பெட்டி ஸ்பேனரும் ஒரு கையேடும் பொறுமையும் இருப்பின், தொழில் பயிலாதவரும் அதன் பெரும்பாலான வேலைகளைத் தாமே செய்துகொள்ளலாம். அது இன்றளவும் சாலையில் ஓடுவதற்கு இவ்வெளிமையும் ஒரு காரணம் எனலாம்.

துருவும் பட்டியும்

இவ்வண்டியின் முதற்பகை துரு. இதற்குத் தனியான சட்டம் கிடையாது. எஃகுத் தகடுகளால் ஆன உடலே வண்டியின் முழு வலிமையையும் தாங்குகிறது. அதிலும் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியே திறந்த வண்டிக்கு முதுகெலும்பு. குளிர்காலத்தில் பனி உறையாதிருக்க இங்கிலாந்துச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு கலந்த சேறு முன்சக்கரத்தின் பின்புறத்தில் படிந்து, ஈரத்தை விடாது பிடித்துக்கொள்கிறது. நீர் வடியும் துளைகள் அடைபட்டால் தகடு உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. வெளியே வண்ணம் பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே வலிமை கரைந்துபோகிறது.

இங்கேதான் செய்வோரின் மனச்சான்று முதன்முதலாகச் சோதிக்கப்படுகிறது. அரிக்கப்பட்ட இடத்தில் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மேலே வண்ணம் அடித்துவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு வண்டி புதியதே. வாங்குவோருள் அறிந்தவர் ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு வந்து தகட்டின் மேல் வைத்துப் பார்ப்பார். எஃகில் ஒட்டும் காந்தம் பட்டியில் ஒட்டாது. அக்காந்தம் இல்லாதவரோ, விபத்து நேரும் நாளில்தான் உண்மையை அறிவார். ஒப்பனை என்பது இங்கே அழகுக் குறையன்று. உயிர்க்கு இழைக்கும் தீங்கு.

நேரிய வழி நெடியது. அழுகிய தகட்டை வெட்டி நீக்கிப் புதுத்தகட்டைப் பற்றவைத்தல் வேண்டும். வெட்டுவதற்கு முன் கதவின் இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்து இறுக்காவிடின், வண்டியின் உடல் நடுவில் தொய்ந்து, பின்னர்க் கதவு மூடாமலே போகும். பற்றவைத்த பின் உட்புறத்தில் மெழுகைப் பீய்ச்சுதலும், வடிதுளைகளைத் திறந்து வைத்தலும் இன்றியமையாதவை. இவற்றுள் எதுவும் வெளியே தெரியாது. கண்ணுக்குப் புலனாகாத இடத்தில் செய்யப்படும் இப்பணியே வண்டியைக் காக்கிறது.

மெருகின் எல்லை

வண்ணத்தின் பொலிவு பற்றியும் ஓர் உண்மை உண்டு. பழைய வண்டிகளின் வண்ணத்தின் மீது இக்காலத்தில் பூசுவது போன்ற தெளிந்த மேற்பூச்சு கிடையாது. வெயிலிலும் காற்றிலும் மேற்பரப்பு மங்கும், சிவப்பு வெளிறும். மெருகுப் பசையால் தேய்க்குங்கால், மங்கிய மேற்படலம் அகன்று அடியிலுள்ள பழைய நிறம் மீண்டும் தோன்றுகிறது. துணியில் வண்டியின் நிறம் ஏறியிருப்பதைக் காணலாம். அஃதாவது, ஒவ்வொரு மெருகும் வண்ணத்தில் ஒரு பங்கைக் கொண்டு செல்கிறது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் அப்படலம் மெல்லியதாதலின், ஆர்வம் மிகுந்தால் அங்கே அடிப்பூச்சு வெளிப்பட்டுவிடும்.

முன் பின் தடுப்புகளில் உள்ள குரோமிய முலாமும் அத்தகையதே. மேலே மின்னும் குரோமியம் மிக மெல்லியது. அதன் கீழுள்ள நிக்கலே உண்மையான காப்பு. சிறு துருப்புள்ளிகளை நீரில் நனைத்த அலுமினியத் தாளால் மெல்லத் தேய்த்தே அகற்றிவிடலாம். அப்பால் மெழுகு பூசினால் போதும். அழுத்தித் தேய்ப்பவர் துருவோடு முலாமையும் போக்கிவிடுகிறார். எங்கே கையை நிறுத்துவது என்பதை அறிதலே இக்கலையின் பாதி. மிகை திருத்தத்தால் உயிரிழந்த கவிதைகளை அறிந்த இவ்வவைக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

செவியால் அறியும் பணி

பராமரிப்பு வேலைகளுள் மிக நுட்பமானது கார்புரேட்டர்களைச் சீர்செய்தல். எம்.ஜி.பி.யில் பெரும்பாலும் எஸ்.யு. வகைக் கார்புரேட்டர்கள் இரண்டு உண்டு. இரண்டும் ஒரே அளவில் காற்றை இழுத்தால்தான் எஞ்சின் சீராக ஓடும். இதனை அளக்கக் கருவிகள் உண்டாயினும், பழகியவர் கையாள்வது ஒரு ரப்பர்க் குழாய். அதன் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை முதலில் ஒரு கார்புரேட்டரின் வாயிலும், பின்னர் மற்றதன் வாயிலும் வைத்து, காற்று இழுபடும் சீறலைக் கேட்பார். இரண்டு ஒலியும் ஒன்றாகும் வரை திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்புவார். வீணையில் சுருதி சேர்ப்பவரின் நிலையே அது.

அதன்பின் எரிபொருட் கலவையைச் சோதிக்க, உள்ளிருக்கும் உந்தை இம்மியளவு உயர்த்திப் பார்ப்பார். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி. தளர்ந்து நிற்க முனைந்தால் குறைவு. சற்றே கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரியானது. மேலுள்ள சிறு குழாயில் மெல்லிய எண்ணெய் குறைந்திருந்தால், மிதியை அழுத்தும்போது வண்டி தயங்கும். முன்சக்கர அச்சாணிகளுக்கு 3,000 மைலுக்கு ஒரு முறை கிரீஸ் ஏற்றுதலும் இவ்வரிசையில் வருவது. இவற்றால் வண்டியின் அழகு இம்மியும் கூடுவதில்லை, ஆயுளே கூடுகிறது.

எது அந்த வண்டி?

1988ஆம் ஆண்டில், ஆபிங்டன் வண்டிகளுக்குப் பயன்பட்ட பழைய அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி.யின் முழு உடலும் புதிதாகச் செய்து விற்கப்படலாயிற்று. அவ்வுடலுக்குள் பழைய எஞ்சினைப் பொருத்தினால் அது பழைய வண்டியா, புதிய வண்டியா?

இவ்வினா 1990இல் லண்டன் உயர்நீதிமன்றத்தின் முன் வேறொரு வண்டியைப் பற்றி எழுந்தது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்சு நாட்டின் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி வண்டி அது. 'பழைய முதல் எண்' என்று பொருள்படும் பெயரால் வழங்கியது. ஒரு கோடி பவுனுக்கு விலை பேசிய பின், முதலில் இருந்த உறுப்புகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்று கூறி வாங்குவோர் பின்வாங்கினர். உறுப்புகள் மாறியிருந்தமையை நீதிபதி மறுத்தாரில்லை. ஆயினும், ஒரே நாளில் எல்லாம் மாற்றப்படவில்லை. மாற்றங்கள் படிப்படியாக, ஒரு தொடர்ந்த வரலாற்றின் பகுதியாகவே நிகழ்ந்தன. எனவே அவ்வண்டி அப்பெயருக்கு உரியதே எனத் தீர்ப்பளித்தார்.

இத்தீர்ப்பு கொட்டகையில் உழைக்கும் எளியவருக்கும் ஒரு கடமையை உணர்த்துகிறது. மாற்றியதை மறைத்தலாகாது. எந்த நாளில் எந்தத் தகடு வெட்டப்பட்டது, எந்த உறுப்பு நீக்கப்பட்டது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி, ஒளிப்படத்தோடு அடுத்த உடைமையாளருக்கு விட்டுச்செல்லுதல் வேண்டும். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியரின் நேர்மையும் இதுவே. பட்டி வைப்பவர் வரலாற்றை அறுக்கிறார். குறிப்பு எழுதுபவர் அதனைத் தொடர்கிறார்.

பத்தாண்டு கண்ட ஓர் இலக்கிய வட்டத்திலும் வந்தோர் உண்டு, விலகியோர் உண்டு, மறைந்தோர் உண்டு. உறுப்புகள் மாறினும் வட்டம் ஒன்றாக நிற்பது, மாறியது இன்னதென்று மறையாது சொல்லும் தொடர்ச்சியால். இம்மலரும் அத்தகையதொரு குறிப்பேடாக அமைக. அதில் புகழ்ச்சி மட்டும் மின்னாது, பத்தாண்டின் பழுதும் பழுதுபார்த்த கையும் தெரிதல் வேண்டும்.