வெயில் சத்தும் வெள்ளை அணுக்களும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், வைட்டமின் டி என்னும் ஜீவசத்து நமது சரீரத்தில் நோயை எதிர்த்து நிற்கும் அணுக்களுக்கு என்ன செய்கிறது என்பதாகும். இது டாக்டர்களுக்கு மாத்திரம் உரிய விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். இந்த மாத்திரையைக் காசு கொடுத்து வாங்கி விழுங்குகிறவர்கள் நாம். க்ஷயரோகத்தால் சாகிறவர்களும் நம்மவர்களே. ஆதலால் இதில் எது பரீட்சையில் நின்றது, எது வெறும் நம்பிக்கை என்று பிரித்துப் பார்க்க வேண்டிய பொறுப்பும் நம்முடையதுதான்.

இச்சத்து ஆகாரத்தில் சொற்பமாகவே இருக்கிறது. பெரும்பகுதியை வெயில் பட்ட நமது தோலே உண்டாக்கிக் கொள்ளுகிறது. அது கல்லீரலில் ஒரு தடவையும், சிறுநீரகத்தில் ஒரு தடவையும் மாறிய பிறகுதான் முழு வேலைக்குத் தகுதியாகிறது. 1922-ல் அமெரிக்காவில் மெக்கல்லம் என்பவர் இதைத் தனிச் சத்து என்று காட்டினார். நெடுங்காலம் வரையில், இதற்கு எலும்பைக் காப்பதே பிரதான வேலை என்றுதான் எண்ணப்பட்டு வந்தது. 1983-ல், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களிலும் இச்சத்தை ஏற்றுக்கொள்ளும் பொருள் இருப்பது தெரியவந்தது. எலும்புக்கு மாத்திரமே வேண்டிய சத்தானால், வெள்ளை அணுவுக்கு அதை வாங்கிக்கொள்ள வாசல் எதற்கு? இந்தக் கேள்வியிலிருந்துதான் புதிய ஆராய்ச்சிகள் கிளம்பின.

க்ஷயக் கிருமி நுரையீரலுக்குள் நுழைந்தவுடன் அதை விழுங்குவதற்கென்றே சில அணுக்கள் இருக்கின்றன. ஆனால் விழுங்கப்பட்ட கிருமி எளிதில் சாவதில்லை. விழுங்கிய அணுவையே வீடாக்கிக்கொண்டு அதனுள் பெருகுகிறது. 2006-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். கிருமியை அடையாளம் கண்டுகொண்ட அணு, இரத்தத்திலிருக்கும் டி சத்தைச் சிறுநீரகத்துக்காகக் காத்திராமல் தானே பக்குவப்படுத்தி, கேத்தலிசிடின் என்னும் கிருமி கொல்லும் பொருளைச் செய்கிறது. அமெரிக்கக் கறுப்பு மக்களின் இரத்த நீரில் டி சத்து குறைவாயிருந்ததால், அந்நீரில் வைத்த அணுக்களில் இவ்வேலை சரியாக நடக்கவில்லை. குறைந்த சத்தைச் சேர்த்தவுடன் நடந்தது. ஆகவே கோளாறு ஜாதியிலுமில்லை, பிறப்பிலுமில்லை. கறுத்த தோலில் நிறப்பொருள் அதிகமாகையால் அதே வெயிலில் சத்து குறைவாக உண்டாகிறது. அவ்வளவுதான் சங்கதி.

இன்னும் கேளுங்கள். அணுவுக்கும் அடுப்பு உண்டு. அது எதை எரிக்கிறதோ அதைப் பொறுத்தே அதன் குணமும் மாறுகிறது. க்ஷயக் கிருமி தான் குடியிருக்கும் அணுவுக்குள் கொழுப்புத் துளிகளைச் சேர்த்துவைக்கச் செய்கிறது. அந்தக் கொழுப்பு கிருமிக்குச் சாப்பாடு. பக்குவப்பட்ட டி சத்து இந்தச் சேமிப்பைத் தடுத்துவிடுகிறது என்று 2014-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. 2015-ல் பெல்ஜியம் நாட்டார் வேறொரு வகை அணுவைச் சோதித்தார்கள். எது பகை, எது பகையல்ல என்று மற்ற அணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பது அந்த அணுவின் வேலை. டி சத்து பட்டவுடன் அது சர்க்கரையை அதிகமாக எரித்து, சண்டையைத் தூண்டுவதை விட்டுச் சமாதானம் செய்யும் அணுவாக மாறிற்று. சர்க்கரை எரிவதைத் தடுத்தபோது அந்தக் குணமும் போய்விட்டது. எனவே இச்சத்து ஒருபுறம் கிருமியைக் கொல்லத் தூண்டுகிறது. மறுபுறம் சொந்தச் சரீரத்தையே தாக்காதபடி அணுக்களை அடக்கியும் வைக்கிறது.

இவ்வளவையும் கேட்டவுடன், “அப்படியானால் மாத்திரையை விழுங்கிவிட்டால் க்ஷயம் வராது” என்று யாரும் எழுந்து ஓடிவிட வேண்டாம். கண்ணாடித் தட்டில் நடந்தது மனிதனிடத்தில் நடக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்த்தார்கள். மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பாதிக்கு வாரம் 14,000 யூனிட் வீதம் 3 வருஷ காலம் சத்து கொடுத்தார்கள். மறு பாதிக்குச் சத்தில்லாத போலி மாத்திரை. எது எவருக்கு என்று பிள்ளைக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. பெரும்பாலான பிள்ளைகள் சத்துக் குறைவுள்ளவர்களே. 2020-ல் முடிவு வெளியாயிற்று. சத்து பெற்றவர்களுக்கு இரத்தத்தில் சத்து ஏறியது. ஆனால் புதிதாகக் கிருமி தொற்றியதோ அவர்களில் 100-க்கு 3.6 பேருக்கு, போலி பெற்றவர்களில் 3.3 பேருக்கு. வித்தியாசமில்லை! இந்தியாவிலும் 247 க்ஷயரோகிகளுக்கு மருந்தோடு சேர்த்து இச்சத்தையோ போலியையோ கொடுத்துப் பார்த்தார்கள். சத்து பெற்றவர்களின் சளியிலிருந்து கிருமி சீக்கிரம் நீங்கவில்லை என்று 2015-ல் தெரிந்தது.

அதனால் ஆராய்ச்சியெல்லாம் வீண் என்றும் சொல்லிவிடக்கூடாது. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து 5 வருஷத்துக்கு மேல் நடத்திய பரீட்சையில், தினம் 2,000 யூனிட் பெற்றவர்களுக்கு, சரீரம் தன்னைத்தானே தாக்கும் நோய்கள் 100-க்கு 22 பங்கு குறைந்தன என்று 2022-ல் வெளியிட்டார்கள். ஓர் இடத்தில் பலன் காணோம். மற்றோர் இடத்தில் காண்கிறோம். கண்டதைக் கண்டபடி சொல்லுவதுதான் விஞ்ஞானம். தாயத்தை நம்பினவன் அதைக் கழற்றிவிட்டு மாத்திரையைத் தாயத்தாக்கிக் கொண்டால், மாறியது சாமானே தவிர மூளையல்ல.

ஆகையால் தோழர்களே, நாம் செய்ய வேண்டியது இதுதான். வெயில் காசில்லாமல் கிடைக்கிறது. கும்பிடுகிறவனுக்கு அதிகமாகவும் கும்பிடாதவனுக்குக் குறைவாகவும் அது சத்து கொடுப்பதில்லை. தோலில் பட்டவனுக்குக் கொடுக்கிறது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் பலனில்லை, வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நம் போன்ற வெயில் தேசத்திலும் இச்சத்துக் குறைவு ஏராளம். பெண்களை வீட்டுக்குள் அடைத்துவைக்கும் வழக்கம் அவர்களுடைய எலும்பையும் அரிக்கிறது என்பதை ஆண்கள் உணர வேண்டும். குறைவு இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால் டாக்டர் சொன்ன அளவு சாப்பிடுங்கள். அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீரகம் கெடும். க்ஷயரோகம் கண்டவர்களோ, வெயிலையும் சத்தையும் நம்பி மருந்தை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் போவது உயிர்.

நான் சொன்னேன் என்பதற்காக நம்பாமல், உங்கள் அறிவைக்கொண்டு விசாரித்து, சரியென்று பட்டதை மாத்திரம் கைக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.