சித்தம் கலங்குமுன் அறிவோம்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காய்ச்சல் வந்தால் அயல் வீட்டாரிடம் சொல்கிறோம். கால் முறிந்தால் ஊருக்கே சொல்கிறோம். வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அந்தச் சாத்திய கதவைப் பற்றிப் பேசவே இன்று உங்கள்முன் நிற்கின்றோம்.

வைத்தியர்கள் சைக்கோசிஸ் என்று கூறுவதை நம் முன்னோர் சித்தப்பிரமை என்றனர். உள்ளது எது, இல்லாதது எது என்ற எல்லை மங்கிப்போவதே அதன் இயல்பு. யாரும் பேசாதபோது குரல் கேட்கும். யாரும் தொடராதபோது பகைவர் தொடர்வதாக அசையாத நம்பிக்கை பிறக்கும். இது பல நோய்களில் தோன்றக்கூடிய நிலை. அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது மனச்சிதைவு நோய். உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் அந்நோயுடன் வாழ்கின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலும் அது பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகின்றது. ஆதலின் இது எங்கோ உள்ளவர் கதையன்று. இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் எங்கள் வயதினரின் கதை.

இந்நோய் பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. வாரக்கணக்காக, மாதக்கணக்காக அடையாளங் காட்டியே வருகின்றது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மாணவனை மனத்தில் எண்ணிக்கொள்வோம். நன்றாகப் படித்தவன் புத்தகத்தை விரித்தபடியே இருக்கிறான், ஒன்றும் ஏறுவதில்லை. இரவில் விழித்துப் பகலில் உறங்குகிறான். குளிப்பதில்லை, உடை மாற்றுவதில்லை. மாலையில் பந்தாட வந்தவன் இப்போது தோழரைக் கண்டால் ஒதுங்குகிறான். சிறு ஓசையும் அவனுக்குப் பேரோசையாகிறது. அடுத்த அறையில் சிரித்தால் தன்னைப் பார்த்தே சிரிப்பதாக எண்ணுகிறான். தன் எண்ணங்களைப் பிறர் அறிந்துகொள்வதாகவும், கைத்தொலைபேசி தன்னை உளவு பார்ப்பதாகவும் மெல்லச் சொல்கிறான். காரணமின்றித் தனியே சிரிக்கிறான். பேச்சு ஒன்றைத் தொட்டு மற்றொன்றுக்குத் தாவுகின்றது.

இவற்றுள் ஏதாவது ஒன்றைக் கண்டவுடன் நோய் என்று முடிவு கட்டலாகாது. பரீட்சைப் பயத்தாலும், துக்கத்தாலும், காதல் தோல்வியாலும் நித்திரை கெடும். இத்தகைய அடையாளங்கள் உள்ளவருள் பெரும்பாலோர்க்குப் பின்னர் சைக்கோசிஸ் வருவதுமில்லை. ஆயினும் பல அடையாளங்கள் ஒன்றுகூடி, நாளுக்கு நாள் வளர்ந்து, “இவன் முன்பிருந்த பிள்ளை அல்லவே” என்று தாயின் மனம் சொல்லுமாயின், அதுவே வைத்தியரை நாடவேண்டிய வேளை. உயிரை மாய்க்கும் பேச்சு, கட்டளையிடும் குரல், உண்ணவும் பருகவும் மறுத்தல், பிறரைத் தாக்க எழுதல் ஆகியவற்றைக் கண்டால் ஒரு நாளும் காத்திருத்தல் ஆகாது. பிள்ளை பெற்ற தாய் சில நாட்களில் நித்திரையின்றித் தடுமாறிப் பிதற்றினாலும் அவ்வாறே விரைந்து செல்லவேண்டும்.

காரணம் யாது? பரம்பரைக்கு அதிற் பங்குண்டு. இளமையிற்பட்ட கொடுமைகளுக்கும் பங்குண்டு. கஞ்சா அந்த அபாயத்தைக் கூட்டுகின்றது. இன்று நம் நகரங்களிலும் தோட்டங்களிலும் புகுந்துவிட்ட ஐஸ் என்னும் போதைப்பொருள் தானே சித்தத்தைக் கலக்கவல்லது. மூளைக் காய்ச்சலும் வலிப்பும்கூட இவ்வாறு தோற்றமளிக்கும். ஆகவே வைத்தியர் முதலில் உடம்பைப் பரிசோதிப்பார்.

மிஷன் பாடசாலையிற் படித்த நாங்கள் விவிலிய வகுப்பிலே பேய் பிடித்தவர் கதைகளைக் கேட்டோம். வீட்டிலோ செய்வினை, சூனியம், கோடாங்கி என்று கேட்டோம். துன்பத்துக்கு ஒரு பெயர் சூட்ட எல்லாச் சமூகங்களும் முயன்றன என்றே இதனைக் கொள்கின்றோம். கோயிலுக்குப் போகவேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. தமிழ்நாட்டு வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசுவாமி கோயிலிலே தங்கிய 31 நோயாளரை மனநல வைத்தியர்கள் ஆராய்ந்து 2002இல் எழுதினர். உறவினருடன் சில வாரங்கள் தங்கி, கோயிற் பணிகளில் ஈடுபட்ட அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அச்சுறுத்தாத இடமும் உடனிருக்கும் உறவும் நன்மை செய்கின்றன என்பது இதனால் விளங்கும். மருந்து வேண்டாம் என்பது இதனால் விளங்காது.

இதன் மறுபக்கத்தையும் மறக்கலாகாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியிலே ஒரு தனியார் மனநோயாளர் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாது 28 பேர் மாண்டனர். சங்கிலி ஒருபோதும் மருந்தாகாது.

மருந்து உண்டு. 1952இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து பயன்படத் தொடங்கியதுமுதல் இந்நோயின் வரலாறே மாறியது. சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீளக் குணமடைதல் கடினமாகின்றது என்பதைப் பல நாட்டு ஆராய்ச்சிகளும் காட்டியுள்ளன. முந்திச் சென்றவர்களுள் பலர் படிப்பைத் தொடர்ந்து, தொழில் பார்த்து, இல்லறம் நடத்துகின்றனர். கோடாங்கிக்கும் கழிப்புக்கும் ஓராண்டைச் செலவிட்டுப் பின்னர் வைத்தியரிடம் வருபவர், பணத்தோடு அந்த அரிய காலத்தையும் இழக்கின்றார்.

கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே சிகிச்சை இலவசம். தொலைபேசியில் ஆலோசனை பெறத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கம் உண்டு. “அங்கொடைக்கு அனுப்பவேண்டியவன்” என்று ஏளனமாகப் பேசும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோமாக. அந்தச் சொல்லுக்கு அஞ்சியே எத்தனையோ குடும்பங்கள் வைத்தியசாலை வாசலை மிதிக்காதிருக்கின்றன.

நோயுற்றவரிடம் பேசுவது எப்படி? “அப்படி ஒரு குரலுமில்லை, உனக்குப் பைத்தியம்” என்று வாதாடவும் வேண்டாம்; “ஆமாம், எனக்கும் கேட்கிறது” என்று பொய் சொல்லவும் வேண்டாம். “தம்பி, எனக்கு அது கேட்கவில்லை, உனக்குக் கேட்பது பயமாகத்தான் இருக்கும். இரவில் நித்திரை வருகிறதா? நாளைக்கு டொக்டரிடம் நானும் கூட வருகிறேன்” என்று சொன்னாற் போதும். குரல் கேட்பதாக ஒப்புக்கொள்ளாதவனும் நித்திரையில்லை என்பதை ஒப்புக்கொள்வான். அந்த வழியாகவே அவனை அழைத்துச் செல்லலாம்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மூத்தவனின் நோய் வெளியே தெரிந்தால் இளையவளின் கலியாணம் தடைப்படும் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. அதனை நாங்கள் அறிவோம். ஆனால் அந்த அச்சத்தை உண்டாக்குபவர்களும் நாமே. பெண் கேட்டு வருகையில் “அந்த வீட்டில் ஒருவர் மருந்து சாப்பிடுகிறாராம்” என்று சொல்லும் நாக்கு நம்முடைய நாக்கு. அதனை அடக்கினால், ஒரு பிள்ளை காலத்தோடு சிகிச்சை பெறும்.

வாலிபத் தோழர்களே, நமக்கும் ஒரு பணி உண்டு. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பகுதித் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறிக் கண்டிக்கு வரும் தாய் ஒருத்திக்கு எந்தப் பிரிவுக்குச் செல்வது என்று தெரியாதிருக்கலாம். சிங்களத்தில் நோயை விளக்கவும் இயலாதிருக்கலாம். இரு மொழியும் அறிந்த நாம் அவளோடு செல்லலாம், வரிசையில் நிற்கலாம், வைத்தியர் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொல்லலாம், கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லாது காக்கலாம். மாதத்திற்கு ஒரு நாள் இருவர் முன்வந்தாலே இப்பணி தொடங்கும். அவ்வாறு முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் தருமாறு வேண்டி அமைகின்றோம்.