உண்ட உணவும் குருதிச் சர்க்கரையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருத்துவப் பொருளைத் தமிழாசிரியன் பேசப் புகுதல் முறையோ என வினவுவார் உளராகலாம். யாம் மருத்துவரல்லேம், எம் குடும்பத்தில் நேர்ந்த ஒன்றே எம்மை இத்துறை நூல்களைப் புரட்டச் செய்தது.

சென்ற தைத் திங்களில், உறவினர் திருமணம் ஒன்றில், எம் தமையனார் எம் அருகே பந்தியில் அமர்ந்திருந்தார். பாயசம் வந்தபொழுது முதியவர் ஒருவர், "நீரிழிவை வைத்துக்கொண்டு நாவை அடக்கலாகாதா?" என்று பலர் கேட்பக் கூறினார். அம்மையார் ஒருவர், எம் அண்ணியாரின் சமையலே நோய்க்குக் காரணம் என்றார். தமையனார் பாதி உணவில் எழுந்துவிட்டார். அவர் மெலிந்த உடலினர். எம்மினும் குறைவாக உண்பவர். பந்தியில் ஒன்றையும் விடாத எமக்கோ அந்நோய் இல்லை. எம்மை எவரும் ஒன்றுஞ் சொல்லவில்லை!

உண்ட சோறு உடனே குருதியிற் கலந்துவிடுவதன்று. உமிழ்நீரும் கணையநீரும் மாவுப்பொருளைச் சிறு கூறுகளாக்க, சிறுகுடற் சுவரிலுள்ள நொதிகள் அவற்றைக் குளுக்கோஸாக மாற்றுகின்றன. அக்குளுக்கோஸ் தானே உள்ளே புக வல்லதன்று. குடற்சுவரின் உயிரணுக்களில் வாயிற்காவலன் போன்ற புரதம் ஒன்றுண்டு, எஸ்.ஜி.எல்.டி.1 என்பது அதன் பெயர். அது சோடியத்தின் துணையின்றிக் குளுக்கோஸை உள்ளே விடாது. குளுக்கோஸ் ஒன்றுக்குச் சோடியம் இரண்டு என்பது கணக்கு. இவ்விணைப்பை 1960-ஆம் ஆண்டில் பிராகு நகரத்துக் கூட்டத்தில் இராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துரைத்தார். பேதியுற்ற குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரைப் புகட்டுகின்றோமன்றோ? அது பயன்படுவது இவ்வாயிலினாலேயே.

இப்புரதத்திற்குரிய மரபணுவை எர்னஸ்ட் ரைட் என்பாரின் குழுவினர் 1987-இல் முயலின் குடலிலிருந்து பிரித்தறிந்தனர். அதன் பழுதே பிறவிநோய் ஒன்றிற்குக் காரணம் என்பது 1991-இல் தெளிவாயிற்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற படியைப் பெற்ற மகவு, தாய்ப்பாலிலுள்ள சர்க்கரையையும் ஏற்கமாட்டாது கடும்பேதியுறும். குளுக்கோஸும் கேலக்டோஸும் நீக்கிய உணவளித்தால் பிழைக்கும். நெருங்கிய உறவில் மணஞ்செய்யும் குடும்பங்களில் இவ்வகைப் பிறவிநோய்கள் மிகுதிப்படுதலை, நம்மவர் வழக்கத்தை எண்ணி, இடையே சொல்லிவைக்கின்றோம்.

முற்றும் கெடாமல் மரபணு சிறிதே திரிந்தால் என்னாகும்? புணர்ச்சியில் ஓரெழுத்துத் திரிந்தும் சொல் நிலைபெறுதல் போல, வாயில் இயங்கும். ஆனால் சற்றே தளர்ந்து இயங்கும். 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், ஐரோப்பிய வழியினரான அமெரிக்கர் 5,687 பேருடைய மரபணுக்கள் ஆராயப்பட்டன. இம்மரபணுவில் குறிப்பிட்ட மூன்று திரிபுகளை ஒருங்கே உடையார்க்கு, குளுக்கோஸ் நீர் பருகி இரண்டு மணி கழிந்தபின், குருதிச் சர்க்கரை பிறரினும் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் குறைந்திருந்தது. அவர்கள் நாவை அடக்கிப் பெற்ற பேறன்று இது, பிறப்பில் வாய்த்தது.

அவ்வெண்ணை நம்மவர்க்கு அப்படியே பொருத்துதல் தவறு. "சர்க்கரை நம் குலத்து நோய்" என்று சிலர் இச்சங்கத்திலேயே பேசக் கேட்டிருக்கின்றோம். அஃது அதனினும் தவறு. ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே பெற்றோரின் மரபணுக்கள் வெவ்வேறாகப் பங்கிடப்படுகின்றன. யாமும் எம் தமையனாரும் ஒரு குலத்தினர் மட்டுமோ, ஒரு தாய் மக்கள்!

குடல்வாயில் ஒன்றே யாவும் ஆகாது. இன்சுலின் சுரப்பு, கல்லீரல், தசை, இவற்றை ஆளும் வேறு மரபணுக்கள் பலவும் உண்டு. தமையனார்க்கு இவற்றுள் எது குறையென்று யாம் அறுதியிட வல்லேமல்லேம். ஆகவே மருந்தும் நடையும் உணவளவும் அவர்க்கு வேண்டுவனவே. வேண்டாதது பந்தியில் கேட்ட அச்சொல்.

மருத்துவர் அறிவுரைப்படி இப்பொழுது அவர் காய்கறியையும் பருப்பையும் முன்னுண்டு, சோற்றைப் பின்னர்க் கொள்கின்றார். சர்க்கரை முன்போல் விரைந்தேறவில்லை என்று சோதனைக் கருவி காட்டுகின்றது. சமைப்பவர் அண்ணியாரே.